உப்பூற்றில் ஓர் எண்ணிக்கை

"அப்பா, நீங்க எண்ணின மூட்டைக்குக் கால் கிடையாது. நான் எண்ணுற மிருகத்துக்கு நாலு கால் இருக்கு" என்றாள் பவானி, பலாட்டா என்கிற பர்மியப் பரோட்டாவைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தபடி.

யாங்கோனின் தின்கன்ஜூனில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை. 2018 ஆகஸ்ட், மாலை ஐந்து மணி இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் குடையோடு போய்ச் சேர்ந்ததும் ஒன்றாக அமைந்ததால், மழை விடட்டும் என்று உட்கார்ந்தோம். அவளுக்கு இனிப்புத் தூக்கலாக ச்சோசெய்ன் என்கிற பால் தேநீர், எனக்குச் சர்க்கரை குறைத்து ஒன்று.

"காலுள்ளதையும் எண்ணியிருக்கேன்டி" என்றேன். "தொண்ணூத்தாறுல பினாங்குக்கு ஒரு கப்பல் ஆடு ஏத்தினோம். ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. கப்பல்காரன் எண்ணினதும் நான் எண்ணினதும் ஒண்ணு. ஒரு ஆடு வித்தியாசம் இல்ல."

"அந்த ஆடு ஏறுச்சு, போச்சு. இறங்கி வந்து இன்னொரு தடவ ஏறலியே?"

"ஏறியிருந்தா வாலைப் பிடிச்சிருப்பேன்."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். மழை தணிந்திருந்தது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளி நடந்தாள். வளைவில் இருந்த சாக்கடைப் பள்ளத்தைத் தாண்டுவதற்காக, ஓரத்தில் நின்ற இரும்புக் கம்பத்தைப் பிடித்தாள். கம்பத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளை நோக்கி ஓடியபோது பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தேநீர்க் கடைப் படிக்கட்டில் தள்ளினார்கள். அதனால்தான் நான் இருக்கிறேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

அந்த மாலையைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அலோன் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் எண்ணி எழுதுவதுதான் டாலி வேலை. எப்போதும் இரண்டு பேர் எண்ணுவோம். கப்பல் தரப்பில் ஒருவன், கரைத் தரப்பில் ஒருவன். ஒருவன் தாளை இன்னொருவன் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒத்துப்போனால் இருவரும் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த பெண், விலங்கியல் படித்துவிட்டு, ஒரு சின்ன ஆய்வுக் குழுவில் சேர்ந்து, மலைவிலங்குகளை எண்ணப் போனாள்.

பர்மாவின் வடகோடியில், புட்டாவோவையும் தாண்டி, பனிமலைக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஓர் உப்பூற்று. மண்ணுக்கடியிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் கசிந்து, சுற்றியுள்ள பாறையெல்லாம் உப்புப் பூத்திருக்கும். கோடையில் மலைமேட்டில் மேயும் தாக்கின் என்ற பெரிய விலங்கு, பாதி மாடு பாதி ஆடு போலிருப்பது, இலையுதிரும் முன்பாகக் கூட்டமாக அந்த உப்பை நக்க வரும். வேட்டைக்காரர்களுக்கும் அது வசதி. பவானி பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள கடைசி ஊருக்குப் போய், தேவாலயச் சபை மூப்பர்களிடம் பேசி ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மூன்று வருஷம் ஊற்றுப் பக்கம் கண்ணி வைப்பதில்லை, துப்பாக்கி கொண்டுபோவதில்லை. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் கடைசியில் வெளியாள் இரண்டு பேர் வந்து எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் எண்ணாமல் விட்டாலும் உடன்பாடு முறியும். மூன்றாம் வருஷ எண்ணிக்கை முதல் வருஷத்துக்குக் குறையாமல் இருந்தால் ஊற்றை அப்படியே விட்டுவிடுவார்கள்.

முதல் வருஷம் முப்பத்தொன்று. இரண்டாம் வருஷம் முப்பத்து நான்கு. 2018 மூன்றாம் வருஷம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாம்பலை க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஆற்றில் கரைத்துவிட்டு வந்த வாரத்தில், அவளோடு வேலை செய்த ஷிரின் வீட்டுக்கு வந்தாள். பவானியின் மேசையில் இருந்தவற்றை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வருஷத் தாள்கள், புட்டாவோ விமானச் சீட்டு, அனுமதிக் கடிதம்.

"ஊலே" என்றாள். பர்மியத்தில் மாமா, சித்தப்பா எல்லாருக்கும் அதுதான். அவள் குடும்பமும் தமிழ் பேசுகிற குடும்பம்தான், ஆனாலும் அவளுக்குப் பர்மியம்தான் முதலில் வரும். "நான் போறேன். ஆனா ரெண்டு பேர் வேணும். எங்க ஆளுங்க மிச்சப் பேர் எல்லாம் ஆமை எண்ணக் கடல் பக்கம் போயிட்டாங்க. நான் அங்க போனதே இல்ல, ஆபீஸ்ல உக்காந்து அவ அனுப்பினதைத் தட்டச்சு பண்ணினவ."

"நான் வர்றேன்" என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி ராணி வந்து நின்றாள். "எங்க வர்றீங்க?"

"மலைக்கு."

"குருக்கள் சொல்லிட்டுப் போயி பத்து நாள் ஆகல. ஒரு வருஷம் தீட்டு, மலை ஏறக் கூடாதுன்னு."

"அது கோயில் மலைக்குச் சொன்னது."

"மலைன்னா மலைதான். உங்களுக்கு அறுபத்தொண்ணு வயசு. மாடிப்படி ஏறவே முட்டியப் பிடிச்சுக்கிட்டு ஏறுறீங்க."

"மூணு வருஷத்துல ரெண்டு வருஷம் அவ எண்ணிட்டா ராணி. இந்த வருஷம் எண்ணலேன்னா அந்த ரெண்டும் குப்பை."

அவள் உள்ளே திரும்பிப் போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் என் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். நான் கிளம்பிய காலை ஒன்றே ஒன்று சொன்னாள். "திரும்பி வந்தா நேரா உள்ள வந்துராதீங்க. பின்பக்கமா வந்து தலைக்கு ஊத்திக்கிட்டு அப்புறம் வீட்டுக்குள்ள வாங்க."

புட்டாவோவிலிருந்து பாதை முடிகிறவரை மோட்டார் சைக்கிள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் நடை. கூட வந்தவர் கோ யோனா, ரவாங் இனத்தவர், நாற்பது வயது. பவானியை இரண்டு வருஷமும் கூட்டிக்கொண்டு போனவர். பர்மியத்தில் மரியாதைக்கு ஆண் பெயருக்கு முன் கோ, பெண் பெயருக்கு முன் மா; அவரோடு எங்கள் பேச்சும் பர்மியத்தில்தான். முதல் நாள் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, ஒரு தடியை வெட்டிச் சீவிக் கையில் கொடுத்தார். அட்டைக் காட்டில் நான்கு நாள். பிரம்புப் பாலத்தில் நான் கண்ணை மூடிக்கொள்ள, "கண்ணைத் திறங்க ஊலே, மூடினா பாலம் அதிகமா ஆடும்" என்றார். இரவில் கால்விரல்களுக்கிடையில் அட்டைகளைப் பிடுங்கிப் போடும்போது ஷிரின் எண்ணுவாள். எனக்குத்தான் எப்போதும் கூடுதல்.

மூங்கில் முடிந்து பைன் வந்தது. பைன் முடிந்து, தாள் தாளாகப் பட்டை உரியும் மரங்கள் வந்தன. ஷிரின் அதன் பெயர் பூர்ஜம் என்றாள். ஒன்பதாம் நாள் ஒரு கணவாயைத் தாண்டி இறங்கினோம். பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணில் விழுந்தது.

நான் பிறந்து வளர்ந்து கிழவனானது எல்லாம் யாங்கோனில். எனக்குத் தெரிந்த பருவங்கள் வெயில், மழை, கொஞ்சம் குளிர். இலை நிறம் மாறுவதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். அங்கே சரிவு முழுவதும் பூர்ஜ மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்றாக அல்ல. மேலே இருந்தவை முற்றிலும் மஞ்சள், நடுவில் பாதி, ஓடைக்கரையில் இன்னும் பச்சை. குளிர் மேலிருந்து கீழே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. புல் துருப்பிடித்த நிறத்துக்கு வந்திருந்தது. அதற்குள் தரையோடு தரையாக நீலப் பூக்கள். வெயில் மறைந்தால் மூடிக்கொள்ளும், வந்தால் திறக்கும். ஓடையில் கொழுகொழுவென்று ஒரு பழுப்புக் குருவி கல்லில் நின்று இரண்டு முறை தலையாட்டிவிட்டு, ஓடுகிற தண்ணீருக்குள் நடந்து போய் வேறோர் இடத்தில் வெளியே வந்தது. பாறை இடுக்கில் வாலில்லாத எலி போன்ற ஒன்று, வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு, மறுபடி வந்தது. குளிர்காலத்துக்குச் சேமிக்கிறதாம். நாங்கள் கூடாரம் கட்டி முடிக்கும்வரை அது நிற்கவில்லை.

இவற்றையெல்லாம் பவானி தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். நான் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் விடியும் முன் யோனா எழுப்பினார். ஷிரினுக்கு இரவு முழுவதும் வாந்தி, தலையைத் தூக்க முடியவில்லை. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க போங்க ஊலே. நீங்க எண்ணிட்டு வாங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் போனேன்.

ஊற்றுக்கு மேலே செங்குத்தான ஒரு பாறையை யோனா காட்டினார். "மா பவானி அங்கதான் ஏறி உட்காருவாங்க."

நான் பார்த்தேன். கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய இடம். கீழே, சரிவிலிருந்து ஊற்றுக்கு வரும் வழியில், இரண்டு கற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. மூன்று அடி அகலம். மேலிருந்து வருகிற எதுவும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். கப்பல் படி மாதிரி அமைந்திருந்தது.

"கோ யோனா, டாலிக்காரன் இடம் படியடிதான்" என்றேன். "மேலே உட்கார்ந்தா தலையும் முதுகும்தான் தெரியும். இங்க ஒவ்வொண்ணா என்னைத் தாண்டித்தான் போகணும்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். நான் காற்றுக்கு எதிர்ப்புறமாக ஒரு புதருக்குள் பதுங்கினேன்.

முதலில் வாடை வந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் ஆட்டுக்கிடா நாற்றமும் கலந்த ஒன்று. பிறகு கல் உருளும் சத்தம். அரையிருட்டில், வளைந்த மூக்கும் முறுக்கிய கொம்புமாக முதல் தாக்கின் அந்த இடைவெளியில் வந்து நின்றது. எருமை அளவு இருக்கும். என்னிடமிருந்து இருபது அடி. அதன் மூச்சு ஆவியாகப் போவது தெரிந்தது. அது கடந்தது. நான் தாளில் ஒரு கோடு போட்டேன். அடுத்தது. அடுத்தது. பக்கத்தில் குட்டி. நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. முப்பத்தாறு வருஷம் செய்த வேலையைக் கை தானாகச் செய்தது. ஊற்றை மறைத்துக்கொண்டு ஆவி நின்றதால் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. டாலிக்காரன் படியைத்தான் பார்க்க வேண்டும்.

ஐம்பத்தேழு.

கூடாரத்துக்கு வந்து சொன்னபோது ஷிரின் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஐம்பத்தேழா! ஊலே! முப்பத்தொண்ணு இருந்தாப் போதும் நமக்கு." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அன்று, ஆகஸ்டுக்குப் பிறகு முதல் முறையாக, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

யோனா மட்டும் தலையைச் சொறிந்தார். "ஐம்பத்தேழா?" என்று இன்னொரு முறை கேட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் கீழே இறங்குவதாகத் திட்டம். அன்று காலை, கிளம்பும் முன் ஒரு தடவை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மறுபடி புதருக்குப் போனேன். தாளும் பென்சிலும் எடுத்துப்போகவில்லை. எண்ணுகிற வேலை இல்லாததால் அவற்றின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பெண் தாக்கினுக்கு இடது காது பிளந்து இரண்டாகத் தொங்கியது. குட்டியோடு கடந்து போயிற்று. அரை மணிக்குப் பிறகு, இடைவெளியில் இன்னொரு தாக்கின். இடது காது பிளந்து இரண்டாகத் தொங்கியது. பின்னால் அதே குட்டி.

நான் அசையாமல் இருந்தேன். சற்று நேரத்தில் மூன்றாம் முறையும் அது வந்தது.

ஊற்று சிறியது. ஒரே நேரத்தில் ஏழெட்டுக்குத்தான் இடம். நக்கி முடித்தவை பின்பக்கப் புதர் வழியாகச் சுற்றிச் சரிவில் ஏறி, கொஞ்சம் நின்றுவிட்டு, மறுபடி வரிசையில் இறங்கிக்கொண்டிருந்தன. என்னைத் தாண்டியது எத்தனை முறை என்பதைத்தான் நான் எண்ணியிருந்தேன். எத்தனை தாக்கின் என்பதை அல்ல.

கூடாரத்துக்குத் திரும்பி, ஐம்பத்தேழின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"என்ன பண்றீங்க?" ஷிரின் தாளைப் பிடுங்கப் பார்த்தாள்.

சொன்னேன். அவள் கோட்டின் அடியில் தெரிந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு, "யாருக்குத் தெரியும்?" என்றாள். "இதை எடுத்துக்கிட்டுப் போனா மூப்பர்கள் சரின்னு சொல்லிடுவாங்க. ஊற்றைத் தொட மாட்டாங்க. அவளுக்கு அதுதானே வேணும்?"

"அவளுக்கு அப்படி வேணும்னா போன வருஷமே அவளே ஐம்பத்தேழுன்னு எழுதியிருக்கலாமே. ஏன் முப்பத்து நாலுன்னு எழுதினா?"

"அரிசி நாலு நாளைக்குத்தான் இருக்கு. கீழே ஊருக்கு மூணு நாள். அந்த மேகத்தைப் பாருங்க ஊலே."

"ஒருவேளைச் சோறு போதும் எனக்கு. நாளைக்கு உனக்கு உடம்பு சரியானதும் ரெண்டு பேரும் போறோம். நீ தனி, நான் தனி. ரெண்டு தாள்."

"சரியாகலேன்னா?"

"சரியாகிறவரைக்கும் இருப்போம்."

அவள் என்னை முறைத்தாள். "அவ சொல்லியிருக்கா. எங்கப்பா ஒரு கழுதைன்னு."

"எந்த மொழியில சொன்னா?"

"ரெண்டுலயும்."

யோனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் அரிசிப் பையை எடுத்து, இருந்ததை ஆறு பங்காகப் பிரித்து வைத்தார்.

மறுநாள் மூடுபனி. கையை நீட்டினால் கை தெரியவில்லை. வாடை மட்டும் வந்தது. எங்களைச் சுற்றி எங்கோ அவை நடமாடிக்கொண்டிருந்தன. மதியத்துக்கு மேல் லேசாகப் பனி தூறிற்று. நான் கூடாரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் இருந்தது. பனியின் மேல், முழங்காலின் மேல், முதல் நாளே பாறையைக் காட்டிய மனிதரிடம் படியடியைப் பற்றிப் பேசிய என் வாயின் மேல்.

அதற்கு அடுத்த நாள் வானம் கண்ணாடியாக இருந்தது. புல்லின் ஒவ்வொரு தாளிலும் உறைபனி. ஷிரின் முகம் வெளுத்திருந்தாலும் நின்றாள். அவளை ஓடைக்கு மறுகரையில் ஒரு மேட்டில் யோனா கொண்டுபோய் உட்கார வைத்தார். பிறகு திரும்பி வந்து, அந்தப் பாறையின் அடியில் குனிந்து இரண்டு கையையும் கோத்து நீட்டினார். நான் அதில் காலை வைத்தேன். எப்படி ஏறினேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு முறை சறுக்கினேன். உள்ளங்கை கிழிந்தது. மேலே போய்க் குப்புறப் படுத்து மூச்சு வாங்கினேன்.

எழுந்து பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. ஊற்று, சரிவு, அவை சுற்றி ஏறும் புதர்ப் பாதை, அதற்கப்பால் ஒரு சிறிய புல்வெளி. என் புதரும் என் இடைவெளியும் அங்கிருந்து பார்க்க மிகவும் சின்னதாக இருந்தன. பவானி இங்கே உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறாள். கால் நீட்ட இடமில்லை. முதுகுக்குச் சாய்மானமாக ஒரு விளிம்பு இருந்தது. அதில் சாய்ந்துகொண்டேன்.

அவை வந்தன. நக்கின. சுற்றின. மறுபடி வந்தன. நான் ஒரு கோடும் போடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். உப்புப் போதும் என்றான ஒவ்வொன்றும் புல்வெளிக்குப் போயிற்று. ஆனால் அங்கே நிழலாக இருந்ததால் நிலையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பிறகு வெயில் எதிர்மலையைத் தாண்டி வந்தது. புல்வெளியில் வெளிச்சம் விழுந்ததும், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் படுத்தன. முன்கால்களை மடித்து, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அசைபோடத் தொடங்கின. வெயிலில் அவற்றின் முதுகு பொன்னிறமாக இருந்தது. குட்டிகள் கருப்பு. ஒன்றும் அசையவில்லை. மலை ஆடாமல் நிற்கிற கப்பல் போல அவற்றை ஏந்திக்கொண்டிருந்தது. இதற்குத்தான் அவள் காத்திருப்பாள் என்று புரிந்தது.

எண்ணினேன். முப்பது.

வலமிருந்து இடமாக எண்ணினேன். முப்பது. குட்டிகளைத் தனியாக, பெரியவற்றைத் தனியாக. ஏழும் இருபத்து மூன்றும். கல்லுக்குப் பின்னால் ஒன்று படுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பாறை விளிம்புவரை ஊர்ந்து எட்டிப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் கல்தான் இருந்தது. இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று, சரிவில் தங்கியிருக்கலாம் என்று சரிவை மரம் மரமாகத் தேடினேன். ஒரு மணி நேரம் அவை படுத்திருந்தன. ஒரு மணி நேரமும் நான் முப்பத்தொன்றைத் தேடினேன். பிறகு பிளந்த காது எழுந்தது. எல்லாம் எழுந்து, பூர்ஜங்களுக்குள் போயின.

கீழே இறங்கி ஓடையைக் கடந்தேன். ஷிரின் தாளை நெஞ்சோடு மடித்து வைத்திருந்தாள். என் தாளை ஒரு கல்லின் மேல் வைத்தேன். அவள் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தாள். முப்பது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பென்சிலைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன்.

கடைசி ஊரில் மூங்கில் தேவாலயத்தில் கூடினார்கள். முப்பது நாற்பது பேர். மூப்பர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் படித்தார். குறுக்கே கோடு இழுத்த தாளையும் நான் கூடவே கொடுத்திருந்தேன். எந்தத் தாளையும் ஒளித்துவைப்பது டாலியில் கிடையாது.

"இந்த ஐம்பத்தேழு என்ன?" என்று பர்மியத்தில் கேட்டார்.

எழுந்து நின்று சொன்னேன். படியடியில் உட்கார்ந்ததை, ஆட்டுக் கப்பலை, பிளந்த காதை. பாதியில் பின்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். அவர் தன் மொழியில் ஏதோ சொல்ல, தேவாலயம் முழுவதும் சிரித்தது. யோனா எனக்கு மொழிபெயர்த்தார். "அது சுத்திச் சுத்தி வரும்னு எங்க ஊர்ல நடக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கும் தெரியும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்கறார்."

"கேட்டிருக்கணும்" என்றேன். மறுபடி சிரித்தார்கள்.

மூப்பர் சிரிக்கவில்லை. "முதல் வருஷம் முப்பத்தொன்று. இப்போது முப்பது. ஒன்று குறைகிறது."

"ஆமாம்."

"குறைந்தால் என்ன என்று உங்கள் மகள் பேசிவைத்தது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தும் முப்பது என்று எழுதினீர்கள்."

"முப்பதுதான் இருந்தது."

இளைஞர்கள் சிலர் உடனே பேசத் தொடங்கினார்கள். மூன்று வருஷம் ஊற்றுப் பக்கம் போகாமல் இருந்தவர்கள். ஒருவர் எழுந்து, பேச்சு பேச்சுதான், குறைந்தால் முடிந்தது என்றார். வேறொருவர், மூன்று பனிக்காலத்தில் ஒன்றுகூடவா சாகாது என்றார். அவர்கள் மொழியில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். யோனா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அவரும் எழுந்து சத்தம் போட்டார். ஷிரின் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிழிந்த உள்ளங்கை வலித்தது. நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் மூப்பர் என் பக்கம் திரும்பினார். ஊற்றை விட்டுவிடுவதாகச் சொல்ல முடியாது, எண்ணிக்கை குறைந்துவிட்டது. உடன்பாடு முறிந்தது என்றும் சொல்ல முடியாது, எண்ணாமல் யாரும் இருக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம். அடுத்த செப்டம்பரில் இரண்டு பேர் வந்து எண்ண வேண்டும். முப்பத்தொன்றுக்குக் குறையக் கூடாது.

"வருவீர்களா?" என்றார்.

"வருவேன்" என்றேன்.

யாங்கோனுக்கு வந்து பின்பக்கமாகப் போனேன். ராணி வாளியோடு நின்றாள். சட்டையோடு இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். துண்டைக் கொடுத்தாள்.

"எத்தனை?"

"முப்பது."

"குறைஞ்சிருச்சா?"

"ஒண்ணு."

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப அடுத்த வருஷமும் நீங்க போகணுமே" என்றாள். மறுநாளிலிருந்து விடியற்காலையில் என்னை எழுப்பி மொட்டைமாடிவரை ஏறி இறங்க வைத்தாள். ஒரு வருஷம் விடவில்லை.

2019 செப்டம்பரில் ஷிரினும் நானும் போனோம். நேராகப் பாறைக்குப் போனேன். முப்பத்து மூன்று. இரண்டு தாளிலும். மூப்பர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஊற்று மூடப்பட்டது, இனி வேட்டைக்கு இல்லை என்று அன்றே ஊரில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் நோய் வந்தது. அதற்கடுத்த வருஷத்திலிருந்து சண்டை. புட்டாவோவுக்கு விமானம் எப்போதாவது பறக்கிறது, அதற்கு மேல் நடக்க வழியில்லை. யோனாவிடமிருந்து செய்தி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஷிரின் இப்போது பாங்காக்கில் இருக்கிறாள். ஊற்றுக்கு இந்த வருஷம் எத்தனை வந்தன, அந்த ஊரார் சொன்ன சொல்லை வைத்துக்கொள்ள முடிந்ததா, எனக்குத் தெரியாது. வழி திறந்தால் போவேன். அதற்காகத்தான் இன்னமும் மாடி ஏறி இறங்குகிறேன்.

நான்கு வருஷத் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. இரண்டு பவானி கையெழுத்தில், இரண்டு என் கையெழுத்தில். 31, 34, 30, 33. ஒவ்வொரு தாளின் அடியிலும் நேரம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்தப் புல்வெளியை வெயில் தொட்ட நேரம். நான்கிலும் காலை எட்டு இருபது.